ஒரு துவக்கு, மூண்டு குழல்: மல்லாவி லேத் கடைக் குறிப்புகள்

ஆடி 21

சிறுபோக வெட்டு தொடங்கப்போகுது, கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல. வெட்டு மெசின் சாவ்ற், லான்ட்மாஸ்ரர் பெட்டி மூடி, வவுனிக்குளப் பக்கத்தால வந்த தண்ணிப் பம்புகள் எண்டு வரிசையாக் கிடக்கு. இரவு சாப்பிட்டிட்டு போனைத் திறந்தா மச்சானின்ர வொய்ஸ் மெசேச் அடுக்கடுக்கா. அவன் மொன்றியலில இருக்கிறான், லைசன்ஸ் எடுத்து முறைப்படி வேட்டைக்குப் போறவன், இப்ப பிடிச்சிருக்கிற விசர் என்னெண்டா குழல் வாயால வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய மொடல் ரைபிள். வாங்கினதோட நிண்டிருந்தாப் பறவாயில்ல, அதுக்கு மூண்டு குழல் வேணுமாம், மாத்தி மாத்திப் பூட்ட. அங்க ஒரு துவக்கு வேலைக்காரர் செய்து குடுப்பார், ஆனா அவரிட்டக் குடுக்க முதல் "நீதானே மச்சான் லேத்காரன், ஒருக்கா யோசிச்சுச் சொல்லு" எண்டு படமா அனுப்பித் தள்ளியிருக்கிறான்.

வாசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லிப்போடுறன். இஞ்ச நான் இதில ஒரு துண்டும் கடையேல்ல, கடையப்போறதுமில்ல. 1916ம் ஆண்டு 33ம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் இருக்கு, லைசன்ஸ் இல்லாம இடியன், அதுதான் இப்பிடி இடிச்சு நிரப்பிற நாட்டுத் துவக்கு, செய்து பிடிபட்டா கதை முடிஞ்சுது. அதைவிட, காட்டுப் பாதையில கம்பி இழுத்துக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கால கால் போன சனம் இந்தப் பக்கம் இருக்கு, எனக்கு அந்த வேலை கண்ணிலயும் காட்டக்கூடாது. என்ர பங்கு பென்சிலும் கொப்பியும் போனும் மட்டும்தான்.

ஆடி 22

படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன். எங்கட ஊர் இடியனில குதிரை, விசையை இழுக்க வந்து அடிக்கிற சுத்தியல், பக்கத்தில நிக்கும். இதில அடியில. நிப்பிள், கெப் மாட்டிற துளையுள்ள சின்ன முளை, குழலின்ர அடிவயித்தில நேரா உள்ளுக்க இறங்குது, குதிரை கீழ இருந்து மேல வந்து கெப்பில, அதுதான் அடிபட நெருப்புக் கக்கிற சின்னத் தொப்பி, அடிக்குது, நெருப்புக்கு வளைஞ்சு போற வேலை இல்ல, நேரா மருந்துக்க. மேல் பக்கம் துடைச்சுவிட்ட மாதிரிக் கிடக்கு, குறி பாக்கேக்க கண்ணுக்கு முன்னால ஒண்டும் நிக்காது. கெப் வெடிக்கிற தூளும் மூஞ்சிக்கு வராது, நிலத்துக்குப் போகும். சில மொடலில விசைக்குக் கீழ வளைஞ்சு வாற அந்தக் காப்புத் தகடுதான் குதிரையின்ர வில்லும், ஒரு துண்டில ரெண்டு வேலை. சாமான் குறைவு, பக்கத்தில பூட்டு வைக்க மரத்தைத் தோண்டத் தேவையில்ல. யோசிச்சவன் கெட்டிக்காரன்தான்.

கெப் மேல் நோக்கி நிக்காம தொங்கிக்கொண்டு இருக்கும் எண்டதுதான் ஒரு குறை. இறுக்கமா அமத்தி வைக்காட்டி விழுந்திடும்.

ஆடி 24

இண்டைக்குத்தான் கதைக்கு வந்தம். இப்ப இருக்கிற புள்ளி 45 குழல் (துளை 0.45 இஞ்சி) புரியில இறுகிற மாதிரிச் செய்தது, இஞ்சிக்கு 16 புரி. அவன் கேக்கிறான், மற்ற ரெண்டு குழலுக்கும் அதே புரி வெட்டினாச் சரிதானே எண்டு. சரியில்ல எண்டன். புரி ஏறிறது பிரச்சினையில்ல, எந்த இடத்தில வந்து நிக்குது எண்டதுதான் பிரச்சினை.

கணக்கை அவனுக்குப் போனில சொல்லிக் காட்டினன். 16 புரி எண்டா ஒரு முழுச் சுத்துக்கு குழல் 0.0625 இஞ்சி உள்ள போகும். சுத்து 360 பாகை. அப்ப குழலின்ர தோள், துவக்கில முட்டி நிக்கிற விளிம்பு, ஆயிரத்தில ரெண்டு இஞ்சி கூடக் குறைய இருந்தாக் காணும், குழல் 10 பாகைக்கு மேல திரும்பி நிக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு இஞ்சி குழலில 10 பாகை எண்டா அடிவயித்தில 2.2 மில்லிமீற்றர். நிப்பிள் நுனியே நாலு மில்லிமீற்றர் சொச்சம்தான், குதிரை நடுவில அடியாம ஓரத்தில அடிக்கும், கெப் சிலவேளை வெடிக்கும் சிலவேளை வெடியாது. அதோட இது எட்டுப் பட்டைக் குழல். உருண்டைக் குழல் எண்டா கண்ணுக்குப் பிடிபடாது, பட்டை சாஞ்சு நிண்டா அரைப் பாகையையும் கண் கண்டுபிடிச்சிடும், பிறகு ஒவ்வொரு நாளும் அதையே பாத்துப் பாத்து அவனுக்கு விசர் வரும்.

தோளைச் சீவி நிப்பிளை அடிக்குக் கொண்டுவரலாம்தான், ஆனா சீவினா குழல் கூடச் சுத்தும், குறையச் சுத்தாது. தாண்டிப் போச்சுதெண்டா இன்னொரு முழுச் சுத்துக்குச் சீவவேணும், இல்லாட்டி வோசர் வைக்கிற வேலை, அது எனக்குப் பிடிக்காத வேலை. புதுக் குழலெண்டா புரியையும் தோளையும் முடிச்சு, பூட்டி இறுக்கி, பட்டை நேரா நிக்குதெண்டு பாத்து, அதுக்குப் பிறகு கடைசியா நிப்பிள் துளை போடோணும். கன பேர் துளையோட வாற குழலை வாங்கிப்போட்டுத்தான் முழிக்கிறது.

ஆடி 25

பகல் முழுக்கக் கரண்ட் இல்ல. அரம் பிடிச்ச வேலை மட்டும்.

ஆடி 28

மச்சான் இப்ப வரலாறும் படிக்கத் தொடங்கீட்டான். ஆனா இது கேக்க நல்லாத்தான் இருந்துது. 1830களில அமெரிக்காவில வெர்மொன்ட் மாநிலத்தில வின்ட்சர் எண்ட ஊரில நிக்கனோர் கென்டல் எண்டவர் இந்த அடிக்குதிரை மொடலில பேர் எடுத்தவர். வண்டியில போகேக்க அணிலைக் கண்டு துவக்கைத் தூக்க, துவக்கின்ர பக்கத்துக் குதிரை போர்வையில கொழுவி தன்ர பாட்டில வெடிச்சு மயிரிழையில தப்பினவர், அதுக்குப் பிறகுதான் குதிரையை அடியில கொண்டுபோனவர் எண்டு ஒரு கதை சொல்லுவினம். அவற்ற மாமனார் ஆர் தெரியுமோ, தண்ணிப் பம் செய்த மனிசன். அசகேல் கபர்ட், அந்த ஊர்ச் சிறைச்சாலைக்கும் பொறுப்பா இருந்தவர். பம் செய்யிறவனுக்கும் துவக்குக்கும் தொடுப்பு அந்த நாளிலயே இருந்திருக்கு எண்டு மச்சான் என்னைப் பகிடி பண்ணினான்.

எனக்கு உறைச்ச இடம் அதுக்குப் பிறகு. அதே கென்டல்தான், ரொபின்ஸ், லோரன்ஸ் எண்ட ரெண்டு பேரோட சேந்து 1845ல அமெரிக்க அரசாங்கத்துக்கு 10,000 ரைபிள் செய்யிற ஒப்பந்தம் எடுத்தவை. எந்தத் துவக்கின்ர சாமானும் எந்தத் துவக்குக்கும் பூட்டலாம் எண்ட மாதிரிச் செய்து, 1851ல லண்டன் பெரிய கண்காட்சியில கொண்டுபோய் வைக்க, வெள்ளைக்காரன் அதிசயப்பட்டுப் பிறகு தன்ர என்ஃபீல்ட் தொழிற்சாலைக்கு அங்க இருந்தே மெசின் வாங்கினவன். கென்டல் அதுக்கு முதலே விலகீட்டார். வின்ட்சரில அவையின்ர தொழிற்சாலைக் கட்டடம் இப்ப மெசின் மியூசியம், மொன்றியலில இருந்து காரில ஒரு நாளில போய் வரலாம். போனா எனக்குப் படம் எடுத்து அனுப்படா எண்டன், துவக்கை இல்ல, கேஜ்களை, சாமான் சரியோ எண்டு வச்சுப் பாக்கிற அளவுத் துண்டுகளை.

ஏனெண்டா விசயம் கேஜிலதான் இருக்கு. இஞ்ச நாங்கள் செய்யிறது சோடி வேலை. பழைய சாவ்ற்றைக் கொண்டருவினம், அந்தச் சாவ்ற்றுக்கு ஏத்த புஸ் கடைவம், அது அதுக்கு மட்டும்தான் சரிவரும், பக்கத்து வயல்காரன்ர பம்முக்குப் போகாது. மச்சானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தவன், ரெண்டாவது குழலை முதலாவதைப் பாத்து வெட்டு, மூண்டாவதை ரெண்டாவதைப் பாத்து வெட்டு எண்டு. அப்பிடி வெட்டினா ஒவ்வொண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் விலகி கடைசிக் குழல் எங்கயோ போய் நிக்கும். ஒரு கேஜ் செய்யவேணும், துவக்கின்ர முகம் மாதிரி ஒரு இரும்புத் துண்டு, தோள் முட்டிற இடம், நிப்பிளின்ர தூரம், பட்டையின்ர கோணம் மூண்டும் அதில இருக்கவேணும். மூண்டு குழலையும் அந்த ஒண்டுக்குச் சரிக்கட்டினா ஒண்டோட ஒண்டு தானாச் சரியா நிக்கும். நாலாவது குழல் பத்து வருசம் கழிச்சு வந்தாலும் துவக்கையே கையில எடுக்கத் தேவையில்ல.

ஆவணி 2

புரியை விட்டிட்டம். அடிக்கடி கழட்டிப் பூட்டிற சாமானுக்குப் புரித் தோள் சரிவராது, ஒவ்வொரு முறையும் இறுக்க இறுக்கத் தோள் நசுங்கி குறிக்கோடு மெல்ல மெல்லத் தாண்டிப் போகும். அந்த வேலைக்காரரும் இதையேதான் சொன்னவராம். குழலின்ர பின்பக்க அடைப்பு குழலோடயே நிரந்தரமா இருக்கும், அதின்ர வால் ஒரு உருண்டை முளை, துவக்கின்ர முகத்துக்க வழுக்கி உள்ள போகும், கீழால ஸ்குறூ பிடிச்சு இழுக்கும், தோளில ஒரு சின்னப் பின் கோணத்தைப் பிடிக்கும். வெடிக்கிற அமுக்கம் முழுக்கக் குழலும் அடைப்பும்தான் தாங்கும், குழல் மாத்தேக்க அந்த அடைப்பைத் தொடுறதே இல்ல, அதுதான் எனக்கு இதில பிடிச்சது. பின்னால உதைக்கிறதை தோள் முழுமுகமா முட்டித் தாங்கவேணும். ஸ்குறூ தாங்கினா ஒரு நாளைக்கு அறுக்கும்.

முளை எவ்வளவு இறுக்கம் எண்டதில ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். அவனுக்குக் காத்துப் போகாத மாதிரி வேணுமாம். கறுப்பு மருந்தின்ர கரி ஈரத்தை இழுக்கிற சாமான், நிப்பிளடியால கசிஞ்சு உள்ள போய்ப் பிடிச்சா பிறகு மரச் சுத்தியலால அடிச்சுத்தான் கழட்டலாம். கிறீஸ் பூசிக் கையால தள்ளப் போகவேணும், ஆனா ஆட்டிப் பாத்தா ஆடக்கூடாது. அவ்வளவுதான் எண்டன்.

பின்னேரம் பக்கத்து வளவு ஐயா வந்தவர், முந்தி காடு தெரிஞ்ச மனிசன். கொப்பியில கீறினதைப் பாத்திட்டு "தம்பி, ஆருக்கு இடியன்?" எண்டார். கனடாவுக்கு எண்டன். புள்ளி 50 மானுக்கு, புள்ளி 45 குறிச் சுடுகைக்கு, புள்ளி 36 அணிலுக்கும் முயலுக்கும் எண்டு விளங்கப்படுத்தினா, "அணிலுக்கு ஒரு குழலோ?" எண்டு சிரிச்சவர் தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் நிப்பாட்டேல்ல. ஒரு இறாத்தல் ஈயத்தில புள்ளி 50 குண்டு 39தான் ஊத்தலாம், புள்ளி 36 எண்டா 100க்கு மேல வரும் ஐயா எண்டு சொன்னாப் பிறகு, "அப்ப சிக்கனக்காரன்தான்" எண்டார்.

ஆவணி 7

புள்ளி 50 குழல் பூட்டியாச்சாம். குதிரையின்ர முகத்தில புளூவை, முட்டிற இடத்தைக் காட்டிற நீல மையை, மெல்லிசாப் பூசி, வெறும் துவக்கில, மருந்தும் இல்ல கெப்பும் இல்ல, குதிரையைக் கையால பிடிச்சு மெதுவா நிப்பிளில முட்ட விட்டுப் பாக்கச் சொன்னனான். படம் வந்துது. நிப்பிள் நுனியில நீல வளையம் முக்கால்வாசி பிடிச்சிருக்கு, முன்பக்கம் ஒரு நகக்கீறல் அளவு வெள்ளை. கோணம் சரி, பக்கத்துக்கு ஒரு விலகலும் இல்ல. நிப்பிள்தான் மயிரளவு முன்னுக்கு நிக்குது. குதிரை முகத்தை ஒரு அரம் போட்டாச் சரியாகும் எண்டு அவன் சொல்ல, நான் கத்திப்போட்டன். குதிரை மூண்டு குழலுக்கும் பொது, அதில கை வச்சா புள்ளி 45 கெட்டுப்போகும். பிழை எந்தக் குழலிலயோ அந்தக் குழலின்ர தோளிலதான் எடுக்கோணும். வேலைக்காரர் தோளில ஆயிரத்தில மூண்டு இஞ்சி எடுத்து, ரெண்டாவது படத்தில வளையம் முழுசா வந்திட்டுது.

ஆவணி 10

குறிக்கட்டை ரெண்டும் குழலிலயே இருக்கிறபடியா கழட்டிப் பூட்டினாலும் குறி மாறேல்லயாம். முன் கட்டை குழலிலயும் பின் கட்டை துவக்கிலயும் இருந்திருந்தா ஒவ்வொரு முறையும் முதல்ல இருந்து சரிபாக்கிற வேலை.

எடையைத்தான் அவன் யோசிக்கேல்ல. மூண்டு குழலுக்கும் வெளி அளவு ஒண்டு, சின்னத் துளையெண்டா உள்ள இரும்பு கூட. 30 இஞ்சி நீளத்துக்கு புள்ளி 36 குழல், புள்ளி 50ஐ விடக் கிட்டத்தட்ட 360 கிராம் பாரம். அணிலுக்குத்தான் பாரத் துவக்கு, மானுக்கு இலேசு. ஐயாட்டச் சொன்னா இன்னும் சிரிப்பார்.

இடிக்கிற கம்பி மூண்டு வேணும் எண்டும் சொன்னன், ஒவ்வொண்டிலயும் வெறுங்குழல் கோடு ஒண்டு, மருந்தும் குண்டும் இருக்கேக்க வாற கோடு ஒண்டு. குழல் மாத்த முதல் கம்பியை விட்டு வெறுங்குழல் கோடு வருதோ எண்டு பாக்காம ஸ்குறூவில கை வைக்கக்கூடாது.

ஆவணி 14

புள்ளி 36க்கு பழைய இத்தாலிக் குழல் ஒண்டு மலிவா வருதாம், நிப்பிள் துளையோட. நிப்பிளின்ர அளவைக் கேட்டன். எம் 6, அதாவது 6 மில்லிமீற்றர், முக்கால் மில்லிமீற்றர் புரி. இவன்ர மற்ற ரெண்டும் அமெரிக்க 1/4-28, கால் இஞ்சி, இஞ்சிக்கு 28 புரி. கால் இஞ்சி எண்டா 6.35 மில்லிமீற்றர், பாத்தா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் இருக்கும், ஆனா எம் 6 நிப்பிள் கால் இஞ்சித் துளையில பொலபொலவெண்டு ஆடும், புரியில பேருக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், சுட்டா கீழ நோக்கிக் கழண்டு பறக்கும். கீழ என்ன இருக்கு, முன்கையும் காலும். ஒரு பெட்டிக்க ரெண்டு வகை நிப்பிளும் கிடந்தா ஒரு நாளைக்கு மாறுப்படும்.

துளையை 1/4-28க்கு மாத்தி வெட்டலாமே எண்டான். ஏலாது. பழைய புரி 6 மில்லிமீற்றர் வரைக்கும் இரும்பைத் தின்னு முடிச்சிட்டுது, புதுப் புரியின்ர பல்லு நிக்கவேண்டியது 5.4க்கும் 6.35க்கும் இடையில, பல்லில பாதிக்கு மேல இல்லாத புரிதான் வரும். பெரிய 5/16-24க்குப் போனாச் சுத்தமா வெட்டலாம், ஆனா அந்தப் புரியில சாதாரணமா வாறது பெரிய தொப்பிக் கெப் போடுற நிப்பிள், பிறகு ஒரு துவக்குக்கு ரெண்டு வகைக் கெப்.

ரெண்டு நாள் கதைச்சு இத்தாலிக் குழலை விட்டிட்டான். துளை போடாத புதுக் குழலுக்கு ஓடர் குடுத்திருக்கு, கேஜையும் அதோட வேலைக்காரரிட்டக் குடுத்தாச்சு. நிப்பிள் 1/4-28 எண்டு பில்லில எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறன்.