கடைசி இடத்திலிருந்து முதல் நாலுக்குள்: என் ஃபுட்டி கீப்பர் அணியின் மூன்று சீசன்

2022 சீசன் முடிந்தபோது எங்கள் கீப்பர் லீக்கில் (நிஜ வீரர்களை வைத்து நண்பர்கள் ஆடும் ஃபேன்டசி லீக், வீரர்கள் வருஷா வருஷம் அணியிலேயே தொடர்வார்கள்) கடைசி இடத்தில் கிடந்த அணியை நான் எடுத்துக்கொண்டேன். அதை நடத்தி வந்த நண்பருக்குக் குழந்தை பிறந்திருந்தது, நேரம் இல்லை. 2025 முடிவில் அந்த அணி முதல் நாலு இடத்துக்குள் வந்துவிட்டது. நடுவில் யாரை விற்றேன், யாரை எடுத்தேன், எதை வைத்து முடிவு செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

ஆஸ்திரேலிய ஃபுட்டி பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அதன் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில் 18 கிளப்புகள். நீள்வட்ட மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பேர் இறங்குவார்கள். ஐ.பி.எல். போல இங்கே ஏலம் கிடையாது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால் பணத்தைக் கொட்டி அணி கட்ட முடியாது. புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பையன்கள் வருஷக் கடைசியில் டிராஃப்டுக்கு, அதாவது கிளப்புகள் வரிசைப்படி ஆள் எடுக்கும் தேர்வுக்கு, வருவார்கள். பட்டியலில் கடைசியாக முடித்த கிளப்புக்கு முதல் பிக், அதாவது முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. 1986 முதல் இந்த டிராஃப்ட் நடக்கிறது. ஒவ்வொரு டிராஃப்டுக்கும் முன்னால் அக்டோபரில் டிரேட் காலம் ஒன்று வரும். வீரரைக் கொடுத்து வீரரை வாங்கலாம், வீரரைக் கொடுத்துப் பிக் வாங்கலாம், அடுத்த வருஷத்துப் பிக்கை இந்த வருஷமே கொடுத்துவிடவும் செய்யலாம்.

எங்கள் லீக் இதன் சின்ன நகல். பத்து அணிகள், அணிக்கு 30 வீரர்கள். நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி: கிக் 3, ஹேண்ட்பால் (முஷ்டியால் தட்டிக் கொடுப்பது) 2, மார்க் (உதைத்த பந்தைப் பிடிப்பது) 3, டேக்கிள் (எதிராளியை மடக்குவது) 4, கோல் 6, ஹிட்-அவுட் (ரக் எனப்படும் நெட்டை வீரர் மேலே வரும் பந்தைச் சக வீரருக்குத் தட்டுவது) 1. சீசன் முடிந்ததும் ஐந்து பேரையாவது கழற்றிவிட வேண்டும். மற்றவர்கள் உங்களிடமே இருப்பார்கள். மார்ச் மாதத்துக்கு முன் எங்கள் டிராஃப்ட். ஆக, இங்கே ஒரு அணியை ஒரே வருஷத்தில் சரி செய்ய வழியே இல்லை. அதனால்தான் இந்த விளையாட்டு எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்தேன்: எந்த வருஷம் ஜெயிக்கப் போகிறேன்? 2026 என்று எழுதிக்கொண்டேன். 2026-ல் 22 முதல் 27 வயதுக்குள் இருக்கப் போகிறவர்கள்தான் என் வீரர்கள். மற்ற எல்லோரும் விற்பனைக்கு. ரீபில்ட், அதாவது அணியை மறுபடி கட்டுவது என்றதும் பலரும் பிக் சேர்ப்பதைத்தான் நினைக்கிறார்கள். பிக் எத்தனை இருந்தாலும், எடுக்கும் ஆட்களின் நல்ல வருஷங்கள் ஒரே சமயத்தில் வந்து சேராவிட்டால் அணி ஆகாது.

கையில் இருந்த பெரிய பெயர்கள் லாக்கி நீல், டாம் மிட்செல், ரோரி லேர்ட், ஜாக் மக்ரே. நால்வரும் வாரா வாரம் புள்ளியைக் குவிக்கும் மிட்ஃபீல்டர்கள். நால்வரும் அப்போது 28 அல்லது 29 வயது. இப்படிப்பட்டவர்களை விற்க ஒரு குறுகிய காலம்தான் இருக்கிறது. முப்பதைத் தாண்டிவிட்டால் வாங்குகிறவரும் வயதைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நீலை முதலில் விற்றேன். ஏழாம் இடத்தில் முடித்த நண்பர் ஒருவர், இன்னும் ஒரு நல்ல மிட்ஃபீல்டர் கிடைத்தால் நாலுக்குள் போய்விடலாம் என்று நம்பினார். அவரிடமிருந்து நாலாம் பிக் வந்தது. 2023 செப்டம்பரில் நீல், சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டாவது முறையாக வாங்கினார். 2020-ல் முதலாவது வாங்கியிருந்தார். லீக்கில் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. நீல் இருந்திருந்தாலும் 2023-ல் என் அணி ஒன்பதாம் இடம்தான், முதல் பிக்கும் கையை விட்டுப் போயிருக்கும். மிட்செல் 2023-ல் காலிங்வுட்டுடன் கோப்பை வென்றார். நான் சீசன் பாதியில், அவர் மேல் எல்லோருக்கும் ஆசை இருந்தபோதே கொடுத்துவிட்டேன். 2024-ல் பாதக் காயத்தால் அவர் பெரும்பாலான ஆட்டங்களில் இறங்கவே இல்லை. மக்ரேயும் அதே 2024-ல் புல்டாக்ஸின் முதல் அணியில் இடம் இழந்து, வருஷக் கடைசியில் செயின்ட் கில்டாவுக்கு மாறினார்.

பிக்குகளின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது? ஏ.எஃப்.எல். 2015-ல் கொண்டுவந்த புள்ளி அட்டவணையை ஆரம்பத்தில் அளவுகோலாக வைத்தேன். அதில் முதல் பிக்குக்கு 3000, இரண்டாவதுக்கு 2517, பத்தாவதுக்கு 1395. அதாவது பத்தாம் பிக் இரண்டைச் சேர்த்தாலும் முதல் பிக்குக்கு ஈடாகாது. எங்கள் லீக்கில் அந்தச் சரிவு இன்னும் செங்குத்து என்பது என் அனுபவம். டிராஃப்டில் வரும் பையன்களில் ஃபேன்டசி புள்ளி குவிக்கும் வகை வருஷத்துக்கு மூன்று நாலு பேர்தான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெரிய உடம்பு வேண்டிய முன்கள, பின்கள வீரர்கள். கிளப்புக்கு அவர்கள் பொக்கிஷம், எனக்குப் பயனில்லை. அதனால் முதல் நாலுக்குள் வரும் பிக்குகளுக்காக மட்டும் பேரம் பேசினேன்.

எங்கள் 2023 டிராஃப்டில் முதல் பிக்கில் பிரிஸ்பேனின் வில் ஆஷ்கிராஃப்ட், நீலுக்குக் கிடைத்த நாலாம் பிக்கில் நார்த் மெல்பர்னின் ஹாரி ஷீஸல். ஷீஸல் எப்படி நார்த்துக்கு வந்தார் என்பதே தனிக் கதை. 2021-ல் முதல் பிக்காக நார்த் எடுத்த ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ் ஒரே சீசனில் வெளியேற விரும்பினார். 2022 அக்டோபரில் நாலு கிளப்புகள் சேர்ந்த ஒரு டிரேட் நடந்தது. அவர் போர்ட் அடிலெய்டுக்குப் போனார், நார்த் தன் முதல் பிக்கையும் கொடுத்தது, பதிலுக்கு இரண்டாம், மூன்றாம் பிக்குகளைப் பெற்றது. அவற்றில் வந்தவர்கள்தான் ஷீஸலும் ஜார்ஜ் வார்ட்லாவும். வெளியே போகத் துடிக்கிற ஒருவரை வைத்து இதைவிட நல்ல டிரேட் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஷீஸலை முன்கள வீரர் என்று நினைத்துத்தான் பலரும் பேசினார்கள். நார்த் அவரை ஹாஃப்-பேக்கில், அதாவது பின்களத்தின் முன்வரிசையில், இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே 34 தடவை பந்து அவர் கையில் வந்து போனது. அந்த வருஷம் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதும் கிளப்பின் சிறந்த வீரர் பதக்கமும் அவருக்கே. ஹாஃப்-பேக் ஏன் முக்கியம் என்றால், பின்களத்தில் யாரும் நெருக்காதபோது சக வீரர் அடிக்கும் பந்தை மார்க் பிடித்தால் 3, அதை அடுத்தவருக்குக் கிக் செய்தால் இன்னொரு 3. இதை இங்கே 'பிளஸ் சிக்ஸ்' என்பார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப்பில் பந்து எப்போதும் பின்களத்தில்தான் கிடக்கும். ஆக மோசமான கிளப்பின் நல்ல ஹாஃப்-பேக், எங்கள் லீக்கில் தங்கம்.

இதே காரணத்தால் அடுத்த வருஷம் எடுத்த முடிவுதான் அதிகம் விவாதத்துக்கு உள்ளானது. மறுபடியும் கடைசி இடம், மறுபடியும் முதல் பிக். ஹார்லி ரீட் அந்த டிராஃப்டின் நட்சத்திரம். வெஸ்ட் கோஸ்ட் அவரை முதலாவதாக எடுத்திருந்தது. நான் ரீட்டை விட்டுவிட்டு, நார்த் இரண்டாவதாக எடுத்த டாஸ்மேனியப் பையன் கோல்பி மெக்கெர்ச்சரை எடுத்தேன். ரீட் ஒரு ஆட்டத்தில் மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு ஓடி கோல் அடிப்பார், அரங்கமே எழுந்து நிற்கும். ஆனால் எங்கள் கணக்கில் ஓடி அடித்த கிக்கும் நின்று அடித்த கிக்கும் ஒரே 3. மெக்கெர்ச்சர் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பப் பந்தைத் தொடுகிறவர். இன்றும் அந்த முடிவில்தான் நிற்கிறேன். பார்ப்பதற்கு எனக்கும் ரீட்டைத்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

சரி, காயங்கள். ரீபில்டில் இருப்பவருக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு: இந்த வருஷப் புள்ளி அவருக்குத் தேவையில்லை. ஆஷ்கிராஃப்டுக்கு 2023 ஜூலையில் முழங்கால் தசைநார் அறுந்தபோது இரண்டு பேர் உடனே விலை கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அவர் 2024 நடுவில் திரும்பி வந்து, அந்த வருஷ கிராண்ட் ஃபைனலிலும் அடுத்த வருஷ கிராண்ட் ஃபைனலிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். அப்புறம் அதே வழியை நானே தேடிப் போனேன். புல்டாக்ஸின் பெய்லி ஸ்மித்துக்கு 2023 டிசம்பரில் அதே காயம். 2024 முழுக்க ஆடமாட்டார் என்று தெரிந்தது. அவரை வைத்திருந்த நண்பர் அந்த வருஷமே கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு இரண்டாம் சுற்றுப் பிக்கும் ஒரு நடுத்தர டிஃபெண்டரும் கொடுத்தேன். ஸ்மித் ஜீலாங்குக்கு மாறி, 2025-ல் வருஷத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் வந்தார். என் ரீபில்டின் மிகச் சிறந்த டிரேட் இதுதான். 2025 பிப்ரவரியில் கார்ல்டனின் ஜாகா ஸ்மித்துக்கு ஒரு ஆட்டம்கூட ஆடுமுன் முழங்கால் தசைநார் அறுந்தபோது, எங்கள் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுவரை அவர் அப்படியே இருந்தார். எடுத்துவிட்டேன். ஜூனியர் ஆட்டங்களில் பந்து குவித்தே பெயர் வாங்கியவர்.

ரக் விஷயத்தில் மட்டும் டிராஃப்ட் பக்கமே போகவில்லை. நெட்டை ஆட்கள் முதிர நாள் ஆகும். மேக்ஸ் கான் 2009-ல் 34-ஆம் பிக். அவர் முதன்முதலாக ஆல்-ஆஸ்திரேலியன் ஆனது 2016-ல். ஏழு வருஷம் ஒருவரை பெஞ்சில் வைத்துக் காக்க எந்த கீப்பர் அணிக்கும் முடியாது. அதைவிட, பெரியவர் விலகி வழி திறக்கும் கிளப் எது என்று பார்ப்பதே நல்லது. 2023 கடைசியில் டாட் கோல்ட்ஸ்டீன் நார்த்தை விட்டு எசண்டனுக்குப் போனார். அன்று மாலையே, யாரும் வைத்திருக்காத டிரிஸ்டன் ஸெர்ரியைச் சேர்த்துக்கொண்டேன், செலவே இல்லை. ஹிட்-அவுட்டோடு டேக்கிளும் செய்கிற ரக் என்பதால் 2024-ல் அவர் என் அணியின் முதல் நிலையான புள்ளிக்காரர் ஆனார்.

நிஜக் கிளப்புகளின் ரீபில்டைப் படிப்பதும் இந்தப் பொழுதுபோக்கில் பாதி. ஹாதார்ன் 2022-ல் மிட்செலையும் ஜேகர் ஓ'மெராவையும் ஒரே டிரேட் காலத்தில் அனுப்பியபோது எவ்வளவோ விமர்சனம். இரண்டே வருஷத்தில் ஃபைனல்ஸுக்கு வந்தார்கள், 2025-ல் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய பிரிலிமினரி ஃபைனல் வரை. ரிச்மண்ட் 2024-ல் ஷாய் போல்டன், டேனியல் ரியோலி, லியாம் பேக்கர் மூவரையும் விட்டு, டிராஃப்டில் எட்டுப் பேரை எடுத்தது. முதல் பிக் சாம் லாலர். அதே டிராஃப்டில் நார்த் தன் 2025 முதல் சுற்றுப் பிக்கை ரிச்மண்டிடம் கொடுத்து 27-ஆம் பிக்கையும் ஒரு எதிர்கால இரண்டாம் சுற்றுப் பிக்கையும் வாங்கியது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. கீழே கிடக்கும் அணி தன் முதல் சுற்றுப் பிக்கைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு விஷயத்தில் கிளப்புகளைப் பின்பற்ற முடியாது. பிரிஸ்பேன் 2017-ல் கடைசி இடம். அடுத்த சீசனுக்கு, ஹாதார்னில் நாலு கோப்பை வென்று ஓய்வு அறிவித்திருந்த லூக் ஹாட்ஜை அழைத்து வந்தார்கள். இளம் பின்களத்துக்கு அவர் களத்திலேயே பாடம் நடத்தினார். 2024-லும் 2025-லும் வென்ற கோப்பைகளின் வேர் அந்த வருஷங்களில் இருக்கிறது என்று நம்புகிறேன். என் அணியில் மூத்தவர் இருந்து இளையவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. அதனால் விற்பதில் எனக்குத் தயக்கம் தேவைப்படவில்லை. ஹாட்ஜைப் போன்ற ஒருவரை வைத்திருக்க வேண்டிய நிஜ கிளப்புக்கு அது அவ்வளவு எளிதல்ல.

2025-ல் நாலாவதாக முடித்து அரையிறுதியில் தோற்றேன். லேர்ட் மட்டும் விலை சரிப்படாமல் என்னிடமே இருந்தார். இப்போது திசை மாறுகிறது. இனி விற்பவன் அல்ல, வாங்குபவன். சேர்த்து வைத்த எதிர்காலப் பிக்குகளைக் கொடுத்து முப்பதை நெருங்கியவர்களை வாங்கும் முறை எனக்கு வந்திருக்கிறது. எசண்டனின் ஸாக் மெரட்டை வைத்திருப்பவர் இப்போது ரீபில்டில் இறங்கியிருக்கிறார். 2027 முதல் சுற்றுப் பிக்கைக் கேட்கிறார். நான் அதோடு அவருடைய மூன்றாம் சுற்றுப் பிக்கைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

ஸெர்ரி பற்றித்தான் இன்னும் முடிவு வரவில்லை. 2026 முதல் நடுவர் நடுவட்டத்தில் பந்தைத் தரையில் அடித்து எழுப்பமாட்டார், மேலே வீசுவார். ரக் இருவரும் நடுக்கோட்டைத் தாண்டி மோதவும் கூடாது. எகிறிக் குதிக்கும் லூக் ஜாக்சன் போன்றவர்களுக்கு இது சாதகம், உடம்பால் முட்டி இடம் பிடிப்பவர்களுக்குப் பாதகம் என்று பேசுகிறார்கள். ஆனால் நடுவட்ட ஆரம்பம் கோலுக்குப் பிறகும் ஒவ்வொரு குவார்ட்டர் தொடக்கத்திலும் மட்டும்தான். எல்லைக்கோட்டு வீச்சுக்கும் களத்தின் நடுவே நிற்கும் பந்துக்கும் இந்த நடுக்கோட்டு விதி இல்லை, ஸெர்ரியின் டேக்கிள்கள் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. முதல் ஐந்து சுற்றுகளில் அவருடைய நடுவட்ட ஹிட்-அவுட்டைத் தனியாக எழுதி வைத்துப் பார்க்கப் போகிறேன். அதுவரை அவருக்கு வரும் எந்த விலைக்கும் பதில் சொல்வதாக இல்லை.