மூன்றரை மணி

13 மார்ச் 2021
டில்லிக்குப் புதிய திருப்பீடத் தூதரை, அதாவது போப்பின் தூதரை, அறிவித்துவிட்டார்கள். பேராயர் லெயோபோல்தோ ஜிரெல்லி. அப்பாவிடம் சொன்னேன். "அப்போ சேலத்துக்கும் ஆயர் வந்துடுவார்" என்றார். ஆயருக்கான பெயர்களை ரோமுக்கு அனுப்புவது தூதர்தானே. சேலத்தில் ஆயர் இல்லாமல் போன அக்டோபரிலிருந்து இதே பேச்சுதான்.

20 மார்ச்
ராத்திரி தூக்கமில்லை. ஜிரெல்லியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1953இல் இத்தாலியின் பிரெதோரேயில் பிறந்தவர். 1978இல் குரு, 1987இல் தூதரகப் பணி. கேமரூன், நியூசிலாந்து, வாஷிங்டன். 2006இல் பேராயராகி இந்தோனேசியா. 2011இல் சிங்கப்பூர், கூடவே வியட்நாம். அப்போது வியட்நாமுக்கும் திருப்பீடத்துக்கும் முழு உறவு இல்லாததால் அங்கே குடியிருக்க முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்து போய்ப்போய் வந்தார். 2017இல் இஸ்ரேலுக்குத் தூதர், எருசலேமுக்கும் பாலஸ்தீனத்துக்கும் அவரே பிரதிநிதி. காலையில் ஒரு தரப்பு, மாலையில் இன்னொரு தரப்பு என்று பேசிய மனிதர், இனி நம் சேலத்து ஃபைலையும் பிரிப்பார்.

பேராயர் என்றால் அவர் பொறுப்பில் ஒரு பகுதி, ஒரு மறைமாவட்டம் வேண்டுமே. தூதர்களுக்குப் பெயரளவில்தான் ஒன்று கொடுப்பார்கள். இவருக்கு இத்தாலியின் காப்ரி. 1818இலேயே தனி மறைமாவட்டமாக இல்லாமல் போன தீவு. அங்கே பெயருக்கு ஆயர் உண்டு, அவருக்கென்று மக்கள் இல்லை. இங்கே மக்கள் இருக்கிறோம், சொந்த ஆயர் இல்லை. இதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

28 மார்ச்
குருத்து ஞாயிறு. இன்று முதல் ரோமில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அங்கே பகல் 12 என்றால் இனி இங்கே 3.30. நியமனங்கள் அப்போதுதான் வெளிவரும்.

9 ஏப்ரல்
அப்பாவுக்கு இருமல்.

21 ஏப்ரல்
3.30. ஒன்றுமில்லை. ஆக்சிஜன் 95.

26 ஏப்ரல்
கோயிலுக்குள் இனி மக்கள் போகக்கூடாது. ஏற்காடு முழுக்கப் பனி, ஏரிப் பக்கம் ஒரு ஆள் இல்லை. அப்பா கைப்பேசியில் பூசை பார்த்துவிட்டு, தனக்கு உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனத்தைக் கொடுத்த ஆயர் செல்வநாதர் ஆண்டகையைப் பற்றியே பேசினார். 1930இல் சேலத்தின் முதல் ஆயர் புருனியே, அடுத்து 1949இல் செல்வநாதர். அப்புறம் 1997இல் தருமபுரியைத் தனியாகப் பிரித்தது. எல்லாம் வரிசையாகச் சொல்கிறார். மாத்திரை போட்டதா இல்லையா என்பது மட்டும் நினைவில்லை.

2 மே
3.30. இல்லை. 94.

6 மே
எனக்குக் கோபமாக வருகிறது. தூதர் கடிதம் போட்டு ரகசியமாகக் கருத்து கேட்பார், அப்புறம் மூன்று பெயர்களை ரோமுக்கு அனுப்புவார், கேட்கப்பட்டவர்கள் வெளியே மூச்சு விடக்கூடாது. சரி, அது முறைதான். வெளியே பேச்சு வந்தால் ஒரு குருவின் பெயர் சந்தியில் நிற்கும். ஆனால் காத்திருப்பவர்களுக்கு வயதாகிறதே.

11 மே
ஊரடங்கு. மாதம் 4,000 ரூபாய் மருந்துக்கு மேல் இப்போது நெபுலைசர் வேறு.
தூதர் வேலை மாளிகையும் காரும்தான் என்று அண்ணன் போனில் சொன்னான். மைக்கேல் கோர்ட்னி பற்றிச் சொன்னேன். அயர்லாந்துக்காரர், புருண்டியில் தூதர். சண்டை நிற்பதற்காகப் பாடுபட்டவர். 2003 டிசம்பர் 29, ஒரு அடக்கச் சடங்குக்குப் போய்த் திரும்பும் வழியில் காரைச் சுட்டார்கள். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அண்ணன் அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை. அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவரை என்னால் மறக்க முடியவில்லை.

14 மே
91. அப்பா கேட்டது ஒன்றுதான்: "சேதி வந்துச்சாம்மா?"

15 மே
சேலத்தில் படுக்கை கிடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம். இன்று சேதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆதார், மாத்திரைச் சீட்டு, சார்ஜர், ஜெபமாலை. அப்பாவின் கண்ணாடி எங்கே என்று