மும்பை மாதுங்கா வீட்டில் ஒரு ஒலிப்பதிவு: மழைக்கால நாட்குறிப்பு

2025 ஜூன் 14, சனி

பெரியம்மாவுக்கு 72 வயது. நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, லாலி என்று இருபதுக்கு மேல் தெரியும். எல்லாம் அவர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வந்தவை. வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. போன வருடம் ஒரு கல்யாணத்தில் செல்போனில் எடுத்தோம். திரும்பக் கேட்டால் பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தமும் குழந்தைகள் சத்தமும்தான் முன்னுக்கு நிற்கின்றன. இந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒழுங்காகப் பதிந்துவிடவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நடக்கிறதை இங்கே எழுதிக்கொண்டே வருகிறேன். இதே மாதிரி வீட்டில் பதிய நினைக்கிறவர்களுக்கு உதவும்.

கையில் இருப்பவை: இரண்டு மைக் சொருகி லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, ஒரு கண்டென்சர் மைக், ஒரு எஸ்எம்58 மைக், காதை மூடும் ஹெட்ஃபோன், லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். மாமா பையன் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற லாமிங்டன் ரோடுக்குப் போய் நல்ல மைக்காக வாங்கு என்கிறான். இப்போதைக்கு வாங்கப்போவதில்லை. முதலில் எந்த அறையில் பாடவைப்பது என்று தெரியவேண்டும்.

அதற்கு வழி கைதட்டல். பெரியம்மா வீடு முழுக்க ஒவ்வோர் இடமாக நின்று ஒருமுறை பலமாகத் தட்டிப் பார்த்தேன். ஹாலில் இரண்டு வெற்றுச் சுவர்களுக்கும் மொசைக் தரைக்கும் நடுவே தட்டல் 'டிர்ர்ர்' என்று ஓடி அடங்கியது. சமையலறை அதைவிட மோசம். படுக்கையறையில் மட்டும் தட்டல் தட்டலாகவே நின்றது. பஞ்சு மெத்தை, துணிமணி, கனமான திரைச்சீலை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த அறையே சரி.

ஜூன் 15, ஞாயிறு

"சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமே" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். ஒட்டாதீர்கள். அட்டை மிக மெல்லியது, அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு அங்குல ஸ்பாஞ்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் 34 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் என்றால் 3.4 மீட்டர். மெல்லிய பொருள் மேல் ஸ்தாயியின் கூர்மையை மட்டும் உறிஞ்சும், கீழே இருக்கிற கும்மென்ற சத்தத்தை அப்படியே விட்டுவிடும். கடைசியில் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு குழப்பமும் பலருக்கு இருக்கிறது. அறைக்குள் எதிரொலியை அடக்குவது வேறு, வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது வேறு. ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) முதல் வேலையைச் செய்யும். இரண்டாவதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத ஜன்னலும் வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்காது.

இரண்டு தடித்த ரஜாயைத் துணி காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டேன். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். இவற்றை மாட்டவேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். மைக் பார்ப்பது அவர் முகத்தையும் அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரையும். அந்தச் சுவர் திருப்பி அனுப்புவதுதான் மைக்குக்குள் நேராக வந்து விழும். பீரோவின் இரும்புக் கதவு கொஞ்சம் அதிர்ந்தது. கதவைத் திறந்துவிட்டேன், உள்ளே அடுக்கியிருந்த புடவைகளும் சேர்ந்து வேலை செய்தன.

ஜூன் 22, ஞாயிறு

இன்று முழுக்கச் சத்தத்தோடு போராட்டம். தண்டவாளம் பக்கம். லோக்கல் ரயில் நடுராத்திரிக்கு அப்புறம் மூன்று மணி நேரம்போலத்தான் ஓயும், அந்நேரத்தில் பெரியம்மாவை எழுப்பிப் பாடவைக்க முடியாது. காலை எட்டிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலுவரை கட்டடமே தூங்குகிறது. குக்கர் விசில் இல்லை, லிஃப்ட் இல்லை. ஞாயிறு என்பதால் ரயிலும் கொஞ்சம் குறைவு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நேரம் இருக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள்.

மழையைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரே சீராகப் பெய்கிற மழை பாட்டைக் கெடுப்பதில்லை, காது அதை ஒதுக்கிவிடும். ஜன்னலுக்குக் கீழே இருக்கிற தகரத்தில் 'டொக், டொக்' என்று சொட்டுகிறதே, அது கெடுக்கும். அதன்மேல் பழைய கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டதும் நின்றது.

எங்கள் இரண்டு மைக்கும் கார்டியாய்டு வகை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அதனால் மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பினேன், பெரியம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். காசு செலவில்லாமல் பாதித் தெருச் சத்தம் போய்விட்டது போல இருந்தது.

ஃபேனை நிறுத்தவேண்டும், ஃபிரிட்ஜையும் நிறுத்தவேண்டும். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்தால் பாலும் மாவும் போச்சு. அதற்காக என் வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன். அதை எடுக்காமல் நான் கிளம்ப முடியாது. பெரியப்பாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. இனிமேல் ஃபிரிட்ஜ் பொறுப்பு தன்னுடையது என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

கண்டென்சரில் ஆரம்பித்தோம். பத்தாவது நிமிடத்தில் 'படபட'வென்று பொரிகிற சத்தம். கேபிளை மாற்றினேன், மைக்குக்குக் கேபிள் வழியாகப் போகும் 48 வோல்ட் மின்சாரத்தை (பேண்டம் பவர்) நிறுத்திப் போட்டேன், போகவில்லை. ஈரம்தான் காரணம். கண்டென்சருக்குள் இருக்கிற மெல்லிய சவ்வும் தகடும் மின்னூட்டத்தோடு வேலை செய்பவை, இந்த ஊர் மழைக்கால ஈரம் படிந்தால் அது கசிந்து பொரியும். மைக்கை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடிவிட்டு எஸ்எம்58-ஐ எடுத்தேன்.

1966-இல் வந்த மைக் அது. மேடையில் எல்லோரும் பிடித்துப் பாடுகிற அதே பொருள். காந்தமும் கம்பிச் சுருளும் வைத்து வேலை செய்கிற டைனமிக் வகை என்பதால் ஈரத்தைச் சட்டைசெய்யாது. தூரத்துச் சத்தத்தையும் கண்டென்சர் அளவுக்கு இழுத்துக்கொண்டு வருவதில்லை. கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) கொஞ்சம் தாராளமாக ஏற்றவேண்டும், அவ்வளவுதான். எங்களுடையதைப் போன்ற அறைக்கு இதுவே பொருத்தம் என்று இப்போது நினைக்கிறேன்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று பார்க்க அரை மணி நேரம் செலவிட்டேன், வீண் போகவில்லை. வாயருகே நாலு விரல் தூரத்தில் வைத்தால் குரல் கனத்துப் போகிறது. இந்த வகை மைக்குகளில் நெருங்க நெருங்கக் கீழ் ஸ்தாயி பெருகும். இரண்டு சாண் தள்ளினால் அறை உள்ளே வந்துவிடுகிறது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி அவ்வளவு குறையாது. கடைசியில் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். 'ப', 'ப்ப' வரும்போது காற்று மோதுவதும் நின்றுவிட்டது.

அளவைப் பார்ப்பதற்காகப் பாடச் சொன்னால் எல்லோரும் மெதுவாகத்தான் பாடுவார்கள். பாட்டின் உச்ச வரியைப் பாடச் சொல்லுங்கள், அதை வைத்து கெயினை அமையுங்கள். பூஜ்யம்தான் மீட்டரின் மேல் எல்லை, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். 24 பிட் என்ற நுணுக்கமான அளவில் பதிகிறோம், மேலே இடம் விடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மேலே முட்டி உடைந்த ஒலியை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியாது.

வளையல் சத்தம் கேட்டது. கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவரும் கழற்றமாட்டார். இரண்டு கையிலும் வளையலைச் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பெரியம்மா பாடுவது நாலரைக் கட்டை சுருதியில். தம்புராவை ஹெட்ஃபோனில் கொடுத்தேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார்: "ஏண்டி, யாரோ என் பின்னாடியே வந்து பாடறா!"

அவர் குரல் லேப்டாப்புக்குள் போய்த் திரும்பி வரும் தாமதம்தான் அது. பஃபர் (லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024-இல் இருந்தது. விநாடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் அது மட்டுமே 21 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கினால் 3-க்கும் குறைவு. கடைசியில் அவர் குரலை லேப்டாப் வழியாக அனுப்புவதையே விட்டுவிட்டேன். இன்டர்ஃபேஸில் இருக்கிற டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால் தாமதமே தெரியாது. மிக்ஸிங் வேலைக்கு உட்காரும்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் லேப்டாப் திணறும்.

அப்புறம் ஒரு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார். பாடுகிறவர்கள் பலர் இப்படித்தான், தன் குரலை வெறும் காதால் கேட்டால்தான் சுருதியில் நிம்மதி. திறந்த பக்கத்திலிருந்து தம்புரா மைக்குக்குள் கசியாமல் இருக்க, ஒலியை மூடிய காதுப் பக்கத்துக்கு மட்டும் திருப்பிவிட்டேன்.

கிளிக் (தாளத்துக்காக ஒரே சீராக அடிக்கும் 'டிக் டிக்' ஒலி) போட்டுப் பார்த்தேன், பின்னால் மிருதங்கம் சேர்க்க வசதியாக இருக்குமே என்று. பாட்டு செத்துப்போனது. நலங்குப் பாட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேலி செய்கிற இடத்தில் அவர் கொஞ்சம் நின்று சிரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அந்த நிற்றலைக் கிளிக் விழுங்கிவிடுகிறது. நிறுத்திவிட்டேன். மிருதங்கம்தான் குரலைத் தொடரவேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் யாரும் அசையாமல் முப்பது விநாடி வெறும் அறையையும் பதிந்துகொள்கிறேன். வெட்டி ஒட்டும்போது நடுவில் சூனியம் விழாமல் நிரப்ப அது வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

எதிர் வீட்டுப் பையன் மிருதங்கம் கொண்டுவந்தான். கல்லூரி இரண்டாம் வருடம், நல்ல கை. தொப்பிக்கு (இடப்பக்கத் தலை) ஒன்று, வலந்தலைக்கு (வலப்பக்கத் தலை) ஒன்று என இரண்டு மைக். கண்டென்சர் காய்ந்து சரியாகிவிட்டது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பிரமாதம், சேர்த்தால் தொப்பியின் கும்காரம் காணாமல் போகிறது. "அக்கா, ரவை நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்" என்றான், தொப்பியின் நடுவில் ஒட்டுகிற ரவைப் பசையைச் சொல்லி. அவன்மேல் தவறில்லை. ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேருகிறது. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால் ஒலி கரைந்துவிடும். ஒரு டிராக்கில் ஃபேஸ் பொத்தானைத் தட்டித் தலைகீழாக்கியதும் பாதி திரும்பி வந்தது.

பாதி எனக்குப் போதவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டு கண்டென்சரை மட்டும் அவனுக்கு முன்னால் இரண்டடி தள்ளி, மேலிருந்து இரண்டு தலைகளையும் பார்க்கிற மாதிரி வைத்தேன். கேட்டதும் பையனே "இதுதான்க்கா என் வாத்தியம்" என்றான். தொப்பி வேண்டுமா, ஸ்டாண்டை இரண்டு அங்குலம் அந்தப் பக்கம் நகர்த்து. ஈக்வலைசரைத் திருகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கல்லும் கட்டையுமாகச் சேர்த்துக்கொண்டான். அவசரப்படுத்தாதீர்கள். சுருதி சேராத மிருதங்கத்தை மிக்ஸிங்கில் ஒன்றும் செய்ய முடியாது.

ஜூலை 20, ஞாயிறு

மிக்ஸிங். முதல் ஒரு மணி நேரம் ஃபேடரை (ஒவ்வொரு டிராக்கின் ஒலி அளவை ஏற்றி இறக்குவது) தவிர எதையும் தொடவில்லை. குரல், மிருதங்கம், தம்புரா, மூன்றே மூன்று. அளவுகள் சரியாக உட்கார்ந்ததும் மீதி வேலை சின்னதாகிவிட்டது.

குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். நாலரைக் கட்டை ஷட்ஜம் (ச) 185 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள மந்திர பஞ்சமம் (ப) ஏறக்குறைய 139. பாட்டு அதற்குக் கீழே போகவில்லை. கீழே இருப்பது லாரி, ரயில், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். உங்கள் பாடகரின் சுருதியைக் கணக்குப் போட்டுவிட்டு வெட்டுங்கள். 300 ஹெர்ட்ஸ் அருகே அறையின் மந்தம் கொஞ்சம் இருந்தது, 3 டெசிபல் குறைத்தேன். மேலே எதையும் ஏற்றவில்லை.

கம்ப்ரெஸருக்கு (உரத்த இடங்களைத் தானாக அழுத்துவது) முன்னால் வரி வரியாக, சில இடங்களில் சொல் சொல்லாக, அளவைக் கையால் சரிசெய்தேன். பொறுமை வேண்டும். ஆனால் அப்புறம் கம்ப்ரெஸர் 2:1-இல் மூன்று டெசிபல் அழுத்தினாலே போதுமானதாகிவிட்டது, குரல் நசுங்கவில்லை. மூச்சு வாங்குகிற சத்தத்தை நான் வெட்டவில்லை. வெட்டினால் அங்கே ஆள் இல்லாமல் போகிறது.

சுருதி திருத்தும் ப்ளக்-இன் போடச் சொல்கிறான் மாமா பையன். கூடாது. சும்மா போட்டால் அது எல்லாவற்றையும் பன்னிரண்டு ஸ்வரங்களில் ஏதோ ஒன்றுக்கு இழுக்கும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் வாழ்வதே அந்தப் பன்னிரண்டுக்கும் நடுவில். ஒரு வரி பிசகினால் அந்த வரியை மறுபடி பாடவைத்துக்கொள்ளலாம்.

சத்தமாக வைத்துக் கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒலி குறைந்தால் நம் காது கீழ் ஸ்தாயியைக் குறைவாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். பேசுகிற அளவில் ஒரே அளவாக வைத்து வேலை செய்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து காப்பி.

ஜூலை 27, ஞாயிறு

இன்று பதிவு இல்லை. கணபதி விழாவுக்கான டோல்-தாஷா மேள ஒத்திகை பக்கத்து மைதானத்தில் ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்து ரிவர்ப் (பதிவில் சேர்க்கும் செயற்கை எதிரொலி) வேலை பார்த்தேன்.

நேற்று போட்டிருந்த ரிவர்ப் பெரிய சபா மண்டபம் மாதிரி இரண்டு விநாடிக்கு மேல் இழுத்தது. கேட்க அழகு, ஆனால் பொய். இவை வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலைச் சுற்றி நின்று பாடுகிற பாட்டுகள். ஒரு விநாடிக்கும் குறைவான அறை ரிவர்ப் ஒன்றைத் தனி டிராக்கில் வைத்துக் குரலையும் மிருதங்கத்தையும் அதே அறைக்குள் அனுப்பினேன். ரிவர்ப் தொடங்குவதற்கு முன்தாமதம் 20 மில்லிசெகண்ட் வைத்தால் சொற்கள் மூழ்குவதில்லை. வேறு வேறு நாளில் பதிந்த இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதுபோல் ஆனது. எனக்கு இந்தப் பதிவிலேயே மிகச் சந்தோஷமான நிமிடம் அதுதான்.

மோனோவிலும் (இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி) செல்போன் ஸ்பீக்கரிலும் கேட்டேன். குடும்பத்தில் பத்தில் ஒன்பது பேர் அதில்தான் கேட்கப்போகிறார்கள். தொப்பி அதில் கேட்காது, பரவாயில்லை. சொற்கள் கேட்கவேண்டும். இரண்டு இடத்தில் மிருதங்கம் சொல்லை மூடியது, இறக்கினேன். மொத்த அளவு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14-க்குச் சமப்படுத்துகிறது என்பதற்காக நானும் அங்கே நெருக்கித் தள்ளவேண்டிய அவசியம் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினோரு பாட்டு முடிந்தது. மூன்று பிரதிகள்: லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஊரில் தங்கை வீட்டில் ஒன்று. எம்பி3 மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், வேவ் கோப்புகளையும் தனித்தனி டிராக்குகளையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பாட்டின் முதல் வரியும் தேதியும் போட்டிருக்கிறேன்.

மத்தியானம் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு லாலியில் இரண்டாம் அடியைத் தான் மாற்றிப் பாடிவிட்டதாகச் சொன்னார், அவர் அம்மா பாடுவது வேறு மாதிரியாம். அடுத்த ஞாயிறு அந்த ஓர் அடியை மட்டும் எடுக்கிறோம். ஸ்டாண்ட் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், இன்டர்ஃபேஸின் அளவுகளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் ஒட்டுப்போட்டது தெரியாது.

கடைசி ஊஞ்சல் பாட்டின் முடிவில், தம்புரா அடங்கி இரண்டு விநாடி கழித்து, பக்கத்து அறையிலிருந்து பெரியப்பா குரல் விழுந்திருக்கிறது: "ஆச்சா? ஃபிரிட்ஜைப் போட்டுடட்டுமா?" நான் வெட்டுவதற்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும்டி" என்றார்.