பாக்தாத் பாடத்தில் ஒரு கேள்வி

"சார், ரயில்வேயும் எண்ணெய்க் கம்பெனியும்தான் கட்சியை வளர்த்ததுன்னா, அப்புறம் ஏன் அந்த மூணு பேரைத் தூக்கில் போட்டாங்க?"

இராக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க காலத்தை நடத்தி முடிக்கும்போது ஒரு மாணவர் கேட்டார். "அரசாங்கத்துக்கு ஆள்தான் கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது" என்றேன். வகுப்பு சிரித்தது. கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை.

என் பதிலில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 1934-ல் பாக்தாதில் சிறு குழுவாகத் தொடங்கிய கட்சி அது. 1940-களில் பெருகியது எங்கே? ஷால்ச்சியா ரயில்வே பட்டறையில், பாஸ்ரா துறைமுகத்தில், கிர்குக் எண்ணெய் வயலில். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் வசதிக்காகத் தொழிலாளரை ஓரிடத்தில் குவித்தார்கள். போர்க்கால விலைவாசி கூலியை விழுங்கியது. 1945 ஏப்ரலில் பட்டறை வேலைநிறுத்தம். 1946 ஜூலையில் கிர்குக்கில் கூடியிருந்த எண்ணெய்த் தொழிலாளர்மீது போலீஸ் சுட்டது. இதில் தலைவருக்கு என்ன வேலை?

வேலை இருந்தது, அங்கேதான் இடறுகிறது. ஃபஹத் என்ற யூசுஃப் சல்மான் யூசுஃப் 1941-ல் செயலாளரான பிறகுதான் சிதறிக்கிடந்த கட்சி ஒரு கட்டுக்குள் வந்தது. தொழிலாளர் நடுவே கிளைகள் முளைத்தன. விலைவாசி எல்லா ஊரிலும்தான் ஏறியது. சங்கம் தானாக முளைக்காது.

ஆனால் 1947 ஜனவரியில் அவர் கைதானார். அடுத்த ஆண்டே, பிரிட்டனோடு இராக் அரசு செய்த போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கையை எதிர்த்து பாக்தாத் தெருவில் இறங்கியது. ஹதீதா அருகே, கே-3 எண்ணெய்க்குழாய் நிலையத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தண்ணீரும் உணவும் நிறுத்தப்பட்டதும் தலைநகரை நோக்கி நடந்தார்கள். தலைவர் சிறையில், போராட்டம் தெருவில். என் பக்கம்தான் நியாயம் என்றால், சிறையிலிருந்தும் அவர் கட்சிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தாரே!

1949 பிப்ரவரியில் அவரையும் இரண்டு தோழர்களையும் தூக்கிலிட்டு, உடல்களைப் பொது இடங்களில் தொங்கவிட்டது அரசு. கட்சி அதோடு முடிந்துவிடவில்லை. 1958-ல் மன்னராட்சி விழுந்தபோது பெரும் பலத்தோடு வெளியே வந்தது. அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் தலைமை கைமாறிக்கொண்டே இருந்தது, பிளவும் வந்தது. இதை அந்த மாணவர் கணக்கில் எழுதுவதா, என் கணக்கிலா?

இந்த ஆண்டு தூக்குத் தண்டனையில் தொடங்கிப் பிறகு ரயில்வேக்கு வந்தேன். வகுப்பு கவனமாகக் கேட்டது. பட்டறையின் கூலிக் கணக்குக்கு வந்தபோது பாதிப் பேர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.