சீட் கழற்றிய டொல்பின்

மருமகன் மோட்டோகுரொஸ், அதாவது மண் பாதையில் ஓடுகிற பைக் பந்தயம், ஓடத் தொடங்கி மூன்று வருடம். அவனுடைய பைக்கைப் போட்டிக்குக் கொண்டுபோனதெல்லாம் பட்டா என்கிற சின்ன வாடகை லொறியில்தான். திறந்த பெட்டி, மேலே தறப்பாள், சுற்றிக் கயிறு. ஒருமுறை மாரி மழையில் ஹொரவப்பொத்தானையைத் தாண்டும்போது தறப்பாள் கிழிந்து எயார் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. போட்டியன்று காலை பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. "மாமனும் மருமகனும் வாடகைக்குக் குடுத்த காசுக்கு ஒரு வானே வாங்கியிருக்கலாம்" என்றா அக்கா. அவ சும்மா சொன்னது. நான்தான் சும்மா விடவில்லை.

வான் தேடுவதற்கு இது நல்ல காலம் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குள் பழைய வான்களின் விலை எங்கேயோ போய்விட்டது. திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புது வான் நம் கணக்கில் வராது. ஆகவே பழசுதான்.

முதலில் இங்கே திருகோணமலையில், உவர்மலையில் ஒரு கே.டி.எச்., டொயோட்டா ஹையேஸ் வான், பார்த்தோம். 2.5 லீற்றர் ரேர்போ டீசல், பளபளவென்று பெயின்ட், தட்டைக் கூரை. எனக்கு மனம் விழுந்துவிட்டது. மருமகன் ரேப்பை எடுத்து உள்ளே அளந்தான். தரையிலிருந்து கூரைக்கு 4 அடி 4 அங்குலம். அவனுடைய பைக், யமஹா வை.இசட். 250 எஃப், ஹாண்டிலோடு நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய 4 அடி 3 அங்குலம். அந்த ஒரு அங்குலமும் கூரையில் ஓடும் ஏசிக் குழாய்க்குச் சரி.

"தலையை அமுக்கினா பைக் ஏறும் மாமா. தள்ளிக்கொண்டு போற ஆள் எங்க நிக்கிறது?"

அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் பைக்கை, தவளை மாதிரிக் குந்திக்கொண்டு, ஒரு கை பிரேக்கில் வைத்துத் தள்ள முடியுமா? அன்றிலிருந்து எஞ்சின் பார்ப்பதற்கு முன் ரேப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. விற்கிறவர்கள் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். பெட்டி வாங்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது வானில் கண்ணாடிக்குக் கீழே மூன்று வாசனை அட்டைகள் தொங்கின. ஒன்று என்றால் சரி, மூன்று என்றால் ஏதோ மறைக்கிறார்கள். பின் கம்பளத்தைத் தூக்கினேன். மீன் ஏற்றிய வான். ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் தரைத் தகட்டின் பொருத்துகளுக்குள் இறங்கினால் பிறகு வெளியே வராது, உள்ளேயே இருந்து தின்னும். ஸ்குரூ டிரைவரால் சக்கரக் கூட்டின் ஓரத்தில் ஒரு தட்டுத்தான் தட்டினேன். நுனி உள்ளே போய்விட்டது. "அது சும்மா பட்டி விட்ட இடம் தம்பி" என்றார் அவர்.

கடைசியில் வாங்கியது டொல்பின் என்று சொல்கிற பழைய ஹையேஸ். எல்.எச். 113, உயரக் கூரை. உள்ளே தலையை மட்டும் குனிந்தால் போதும். எஞ்சினின் பெயர் 3எல், ஆனால் அளவு 2.8 லீற்றர், ரேர்போ இல்லை. கொம்பியூட்டர் பூட்டிப் பார்க்கிற வேலை இல்லை, வழியில் நின்றால் ஹபரணையிலோ மிஹிந்தலையிலோ எந்த மெக்கானிக் பாஸும் கைவைப்பார். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும், உண்மைதான். தியத்தலாவைக்கு ஏறும்போது பின்னால் வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் போகவேண்டும்.

பின் சீட் எல்லாவற்றையும் போல்ட் கழற்றி எடுத்தேன். வெட்டவில்லை, ஒரு துளையும் பெருப்பிக்கவில்லை. நாளைக்கு விற்கவேண்டி வந்தால் திரும்பப் பூட்டி ஆட்கள் ஏற்றும் வானாகவே கொடுக்கலாம். கழற்றிய சீட்டுகள் இப்போது அக்காவின் விறாந்தையில். அதைப் பற்றிப் பிறகு.

தரைதான் அதிக நாள் எடுத்தது. கம்பளத்தை உரித்து, கம்பி பிரஷ் போட்டு, துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மேலே 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட். பலகையை அப்படியே விட்டால் பெற்றோலும் சேறும் ஊறிவிடும். வள்ளத்துக்கு அடிக்கிற ஃபைபர் கிளாஸையே அடித்தால் என்ன என்று தோன்றியது. திருக்கடலூரில் வள்ளம் திருத்துகிற அண்ணன் ஒருவரிடம் ரெசினும் ஃபைபர் பாயும் வாங்கி, நானே அடிக்கிறேன் என்று வந்துவிட்டேன். நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்குதான் ரெசினை இறுகவைக்கிற ஹார்டனர் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் கண்மதிப்பில் ஊற்றினேன். பிரஷ்ஷைக் கையில் எடுக்குமுன்னே வாளி சூடாகி, புகைந்து, ரெசின் கல்லாகிவிட்டது. பிரஷ் அதற்குள்ளேயே நிற்கிறது, நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறேன். அடுத்த நாள் அண்ணனே வந்து, வெயில் ஏறுமுன் விடியற்காலையில் அடித்து முடித்தார். காயுமுன் நடுவே ஒரு பாதைக்கு மட்டும் சலித்த கடல் மணலைத் தூவிவிட்டார். சேற்றுச் சப்பாத்தோடு நின்றாலும் வழுக்குவதில்லை. அந்த யோசனை என் தலையில் வந்திருக்காது.

பைக்கைக் கட்டுகிற கொளுவிகளுக்கு 10 மில்லிமீற்றர் ஐ போல்ட், தலையில் வளையம் உள்ளது, எட்டு. வெறும் வாஷரோடு தகட்டில் பூட்டினால் ஒரு நல்ல குழியில் பிடுங்கிக்கொண்டு வரும். கீழே ஒவ்வொன்றுக்கும் 3 அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்தோம். துளை போடுமுன் நான் வானுக்குக் கீழே படுத்து, டீசல் ராங்கி எங்கே, பிரேக் குழாய் எங்கே போகிறது என்று சோக்கால் கோடு போட்டுவிட்டுத்தான் டிரில்லைத் தொட்டேன். போல்ட் ஸ்டெயின்லெஸ், தகடு சாதாரண இரும்பு. இந்தக் கடற்காற்றில் இரண்டும் வெறுமையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். ஆகவே பெயின்டும் மேலே தடிப்பாகக் கிறீஸும்.

இரண்டு பைக்கைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம் என்ற கணக்குப் பொய்த்துவிட்டது. ஒரு ஹாண்டில் 2 அடி 8 அங்குலம், வானின் உள் அகலம் கிட்டத்தட்ட 5 அடி. ஹாண்டிலோடு ஹாண்டில் முட்டும். ஒன்றை முன் சீட்டின் முதுகு வரை கொண்டுபோய், மற்றதை இரண்டு அடி பின்னால் நிறுத்தினால் சரியாகப் பொருந்துகிறது. முதலிலேயே பைக்குகளை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கொளுவிக்கு அடையாளம் போட்டிருக்கலாம். நான் எட்டையும் நேர்கோட்டில் போட்டுவிட்டு, பிறகு நான்கைக் கழற்றி இடம் மாற்றினேன். அந்தத் துளைகளை அடைத்த ரெசின் பொட்டுகள் இன்னும் தெரியும்.

ஏற்றுவதற்கு இரண்டங்குலத் தடிப்பில் 8 அடிப் பலகை. முதல் தடவை முன்சக்கரம் உள்ளே போய், பின்சக்கரம் பலகையில் ஏறுகிற நேரம், பலகை பின்னுக்கு வழுகி விழுந்தது. பைக் என் பக்கம் சாய்ந்தது. கிளச் லீவர் முறிந்தது, என் முழங்காலுக்குக் கீழே தோல் போனது. மருமகன் முதலில் பைக்கைத்தான் தூக்கினான். இப்போது பலகையின் தலையில் ஒரு இரும்புக் கொக்கி, அது தரை ஓரத் துளைக்குள் இறங்கும். அதற்கு மேலே ஒரு பட்டியும் போட்டுத்தான் ஏற்றுகிறோம். பக்கத்தில் ஆள் ஏறி நடக்க இன்னொரு பலகை.

முதல் பயணம் அநுராதபுரத்துப் பக்கம் சாலியபுரவுக்கு, கஜபா சுப்பர்குரொஸ் போட்டிக்கு. திருகோணமலையிலிருந்து ஏ 12 வீதியால் அநுராதபுரம் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டோம். கன்னியாவுக்குத் திரும்புகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தால் முன்கட்டு தளர்ந்து, பைக் சாய்ந்து நிற்கிறது. திரும்ப இறுக்கி, ஹொரவப்பொத்தானையில் பார்த்தால் திரும்பவும் தளர்வு. நான் கட்டியிருந்தது நைலோன் கயிறு. கோபத்தில் முன்னை இன்னும் இறுக்கி, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்பிரிங் குழாய்களை, ஃபோர்க்கை, அடிவரை அமுக்கிக் கட்டினேன். அதுதான் பெரிய பிழை. சாலியபுரவில் இறக்கும்போது இடது ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிந்திருந்தது. ஒயில் சீல் போய்விட்டது. அவன் ஒன்றும் பேசாமல் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏசியிருந்தால் பரவாயில்லை.

திரும்பி வந்து திருக்கடலூர் அண்ணனிடம் சொன்னேன். "நைலோன் இழுபடுகிற சாமான் தம்பி, நனைஞ்சா இன்னும் கூட. நங்கூரத்துக்கு அது நல்லம், குலுக்கலைத் தாங்கும். பைக்குக்கு ஏன் கட்டினீங்க?" இப்போது பொலியெஸ்டர் பட்டி, அழுத்துகிற பக்கிள். பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற ரச்செற் வாங்கவில்லை, என் கைக்கு அளவு தெரியாது என்பது நிரூபணமாகிவிட்டதே. முன்ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு மரத்துண்டு, மூலைகளைச் சீவி, பழைய ரியூபைச் சுற்றி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் ஃபோர்க் இறங்காது. முன்பட்டிகள் இரண்டும் முன்னுக்கும் வெளிப்பக்கமாகவும் இழுக்கவேண்டும். பின்பட்டி ஆடாமல் இருக்க மட்டும்.

பெற்றோல் மணம் இன்னும் தீரவில்லை. குழாயை மூடிவிட்டு காபுரேட்டரையும் வடித்துவிட்டால் பாதி குறைகிறது. மீதிக்குப் பக்கக் கண்ணாடியைத் திறந்து வைக்கிறோம், கூரையில் காற்றுப்போக்கி ஒன்று பூட்டவேண்டும். மாரிக்கு முன் கூரையை வெட்ட எனக்குப் பயம், அதனால் மாசி வரை பொறுக்கலாம் என்றிருக்கிறேன்.

சீட் கதை: விறாந்தையை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று அக்கா இரண்டு மாதம் சொன்னா. போன கிழமை எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஆச்சி, மூன்று பேர் இருக்கிற சீட்டில் காலை நீட்டி நல்ல நித்திரை. அக்கா வாயில் விரலை வைத்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டா.