பிரிவு 17-ஐத் தேடிப் போனால்

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் 'செக்‌ஷன் 17 நிலம்' என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது, ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் குறைவு. 1969-ஆம் வருஷத்து 24-ஆவது சட்டம், கூடலூர் ஜென்ம நிலங்களை (ஜென்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்களை) ஒழித்து ரயத்துவாரியாக, அதாவது நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கே வரி கட்டும் முறைக்கு, மாற்றுவதற்காக வந்தது. இங்கே ஜென்மியாக இருந்த நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்திடம் குத்தகைக்கு வாங்கிய எஸ்டேட்டுகள் என்னாகும் என்பதைச் சொல்வதுதான் பிரிவு 17.

சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதாதீர்கள். 1969 என்று போட்டிருக்கும், நடைமுறைக்கு வந்தது 1974-இல். நடுவில் 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகள் தொடர்பான பகுதி செல்லாது என்றது, பிறகு நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 34-ஆவது திருத்தம் மூலம் சட்டத்தையே ஒன்பதாவது அட்டவணைக்குள் (நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிடாமல் சட்டங்களைக் காக்க வைத்த பட்டியலுக்குள்) தூக்கி வைத்துவிட்டது. இதெல்லாம் சட்டத்தின் வாசகத்தில் இருக்காது. சட்டமன்ற விவாதம், அரசிதழ், தீர்ப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் புரியும், அதிலும் அரசிதழில் அமலுக்கு வந்த தேதியை முதலில் பாருங்கள்.

அப்புறம், 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன கோயலோ தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் அடிப்படைக் கட்டமைப்புப் பாடம், அதாவது அரசியலமைப்பின் அடித்தளத்தை நாடாளுமன்றம்கூடக் குலைக்க முடியாது என்ற கொள்கையின் பாடம். அது கிளம்பியது நம்ம கூடலூர் தோட்டத்து வழக்கிலிருந்துதான்!