ஆயாவுக்கு எச்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் வீட்டில் இன்று டிவிக்கு எச்டி (துல்லியப் படம்) ரிசீவர் மாட்டி முடித்தேன். செயற்கைக்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். சென்னை அண்ணன் போனில் டிஷ்ஷைத் தெற்கே திருப்பச் சொன்னார். அங்கே அது சரி. நாங்கள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் இங்கே வடக்கே பார்க்க வேண்டும். எங்கள் செயற்கைக்கோள் 68.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், டர்பனுக்குக் கிழக்கே இருப்பதால் வடகிழக்கு.

திருப்பியும் சிக்னல் இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். டிஷ் கேபிளின் முனையில் வெளிக் கம்பிவலையின் மெல்லிய இழை ஒன்று நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது! வெட்டிவிட்டுத் திருகியதும் படம் வந்துவிட்டது. அப்புறம், ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகும் பழைய மஞ்சள் கேபிளில் எச்டி வராது, எச்டிஎம்ஐ கேபிள்தான் வேண்டும்.

ஆயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். "அந்தப் பொண்ணு மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுதே கண்ணு!"